பெண் பார்க்க வந்த அன்று நீ இருந்த இடம்

என் செல்ல ராஜம் அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் முடிகிறது. இன்றும் காஜா பேராங் தெருவில் இருக்கும் நம் அம்மா வீட்டுக்குப் போனால், உன் சிரிப்புச் சத்தம் கேட்காதா என்று வாசலிலேயே நிற்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். நீ சிரித்தால் ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்பாரே, அந்தச் சிரிப்பு எப்போது நின்றது?

எனக்குத் தெரியும். மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருடம், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று.

உனக்கு வந்த வரன்களெல்லாம் அதற்கு முன்பே வாசலோடு திரும்பியிருந்தன. உன்னைப் பார்த்தால் தங்கையும் நாளைக்கு இப்படித்தான் பருத்துவிடுவாள் என்று நினைப்பார்களாம். பெரிய அத்தை சொன்னார், அம்மா தலையாட்டினாள்.

"கொஞ்ச நேரம் மக்சிக் வீட்டுல இரும்மா, அவங்க போனதும் கூப்பிடுறேன்" என்று அம்மாவே உன்னிடம் சொன்னாள்.

கேசரி கிண்டி வைத்தாய். எனக்குப் பூ வைத்துவிட்டாய். பின்வாசல் வழியாக, நாம் மக்சிக் என்று கூப்பிடும் அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் போனாய். மக்சிக்குக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே அழுதாயாம், பிறகுதான் அவர் சொன்னார்.

"கேசரி யார் செஞ்சது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அத்தை என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதன்பிறகு நீ கோயிலுக்கு வரவில்லை, என் கல்யாணப் படத்தில் நிற்கவில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிட்டாய். உடம்பு கனம், அதனால் சோம்பல் என்றோம். மனசு ஒடிந்து கிடந்தாயே, அதை ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசிக் காய்ச்சலின்போதுகூட டாக்டரிடம் வர மறுத்தாய்.

"காய்ச்சல்னு போனாலும் என் உடம்பைத்தான் பேசுவாங்க, விடு லா."

உன்னை இழுத்துக்கொண்டாவது போயிருக்க வேண்டாமா நான்?

போன ஞாயிறு என் சின்ன நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். மூத்தவள் கமலாவுக்கு உன்னைப் போலவே பருத்த உடம்பு. மாமியார் அவளை அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னார். அவளும் மறுபேச்சில்லாமல் செருப்பைத் தேடினாள். நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கூடத்தில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"அண்ணி, நான் இங்கயே இருக்கலாமா?" என்று காதோரம் கேட்டாள்.

"இரு" என்றேன். ஒரு சொல்தான் அக்கா. அன்று எனக்கு அது வரவில்லையே.

வந்தவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மாமியார் என்னிடம் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். நான் இருக்கும் வீட்டில் இனி யாரையும் அப்படி எழுப்பி அனுப்ப விடமாட்டேன்.

உன்னைப் போகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த
தங்கை,
சரோஜா