பிரேக்குக்குள் காற்று

ஜூன் 3, செவ்வாய்

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனி. பதினாறாம் தேதி சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. "அப்பா வண்டி சும்மாதானே நிக்குது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் இறந்ததிலிருந்து அந்த வண்டியை நான் தொட்டதில்லை.

ஜூன் 7, சனி

கிழட்டு வண்டி, உதைத்ததும் கிளம்பி மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் முன் பிரேக் லீவரைப் பிடித்தால் தொளதொளவென்று கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. "உள்ள காத்து புகுந்திருக்கும்மா. எடுத்துட்டா சரியாயிடும்." மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்றேன். "அப்பா ஒரு நாளாவது குடுத்திருக்காரா?"

கொடுத்ததில்லை. எல்லாம் வாசலில்தான். நானும் அவரும்.

ஜூன் 8, ஞாயிறு

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே உட்கார்ந்து சின்னத் திருகைத் திறந்தால், காற்றும் பிரேக் ஆயிலும் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும். திருகை மூடிய பிறகுதான் லீவரை விடலாம். முந்தினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

வருஷக்கணக்காகப் பட்டறை இரைச்சலில் வேலை பார்த்து அவருக்குக் காது மந்தம். வேலையின்போது பேச மாட்டார். திருகை மூடியதும் ஸ்பேனரால் டொக் டொக் என்று தட்டுவார். நான் விடுவேன். மகள் "இப்ப விடு" என்கிறாள்.

சாயங்காலம் வரை செய்தோம். குமிழி வந்துகொண்டே இருந்தது.

ஜூன் 9, திங்கள்

எழுதலாமா, வேண்டாமா?

நேற்று எனக்குக் கேட்டது. டொக் டொக். மகள் தட்டவில்லை. அவள் ஸ்பேனர் திருகில் மாட்டியபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும், அவள் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டது. என் கை பழக்கத்தில் விட்டுவிட்டது.

ஜூன் 12, வியாழன்

மறுபடி அதே கதை. "ஏம்மா, நான் மூடறதுக்குள்ள அவசரப்பட்டு விடற?"

"கை நழுவிடுச்சுடி."

பொய். இன்று பழக்கத்தில் விடவில்லை. தெரிந்தேதான் விட்டேன். இன்னொரு தடவை செய்தால் இன்னொரு தடவை கேட்குமே.

ஜூன் 13, வெள்ளி

பயமாக இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

மகள் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கப் போனாள். திரும்பும்போது முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. வேன் ஒன்று குறுக்கே வந்ததாம். முன் பிரேக் பிடிக்கவில்லை, பின் பிரேக்கை மிதித்ததில் வண்டி வழுக்கியிருக்கிறது. "ஒண்ணும் ஆகலம்மா, மூஞ்சியை அப்படி வெச்சுக்காத" என்று சிரிக்கிறாள்.

பாவி, நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? போனவரை வெச்சுக்கறதுக்கு இருக்கறவளைக் குடுக்கப் பாக்கறேனா? பெத்தவதானா நான்?

சிராய்ப்பில் மருந்து போட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்றேன். "நாளைக்கு ஒரே ஒரு தடவை பாக்கலாம்மா" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே உட்கார்ந்தோம். புது ஆயில் ஊற்றினோம். அழுத்தினேன். அவள் திறந்தாள்.

டொக் டொக்.

விடவில்லை.

மறுபடியும், பலமாக. அவருக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். என் விரல்கள் வெளுத்துப் போயின. "கொஞ்சம் இருங்க" என்றேன், வாய்விட்டு. மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் நான் 'இருங்க' என்று சொல்வேனா? பிறகு குனிந்து திருகை மூடினாள். "இப்ப விடும்மா."

விட்டேன்.

அப்படியே திரும்பத் திரும்பச் செய்தோம். ஒவ்வொரு முறையும் அவர் தட்டினார், ஒவ்வொரு முறையும் மகள் சொன்ன பிறகுதான் விட்டேன். தட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது. குமிழியும் குறைந்தது. கடைசியில் குழாயில் வெறும் ஆயில்தான் வந்தது. மகள் எழுந்து லீவரைப் பிடித்துப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்குதும்மா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுததை அவள் சந்தோஷம் என்று நினைத்திருக்கலாம். அதுவும் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். வழியில் நாய் ஓடி வந்ததாம், பிரேக் பிடித்ததும் வண்டி நின்றுவிட்டதாம். மேலாளர் ஒரு சிடுமூஞ்சியாம். பேசிக்கொண்டே குளிக்கப் போனாள்.

நான் வாசலுக்குப் போய் லீவரை அழுத்திப் பிடித்தபடி நின்றேன். யாரும் தட்டவில்லை. கை வலிக்கும்வரை நின்றேன். பிறகு நானாகவே விட்டேன்.