வெள்ளிக்கிழமைப் பூட்டு

அன்பும் மரியாதையுமான அத்தைக்கு,

கர்த்தருடைய நிழலில் இருக்கிற உங்களைச் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் கடிதம் எழுத நேரம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். நேரம் நிறையக் கிடைத்துவிட்டது அத்தை. காலை எட்டேகாலிலிருந்து சாயந்தரம் ஐந்து மணி வரை என்னிடம் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. என்னை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள்.

வீடு அதேதான். மேற்குத் தாம்பரத்தில் உங்கள் மகன் கட்டிய அதே இரண்டு அறை. அவர் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார். வந்ததும் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லியிருப்பார். பேரன் ராஜன் பீச்சுக்குப் போகிற மின்சார ரயிலில் ஏறி ஆபீசுக்குப் போகிறான். அவன் மனைவி கிரேஸ் பல்லாவரத்தில் டீச்சர். நீங்கள் பார்க்காமலே போன அவர்கள் மகள் சாந்தி இப்போது காலேஜில் பி.யு.சி. படிக்கிறாள். பௌதிகமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் பேத்தி பௌதிகம் படிக்கிறாள் என்பதைக் கோயிலில் நான் சொல்லாத ஆள் கிடையாது.

பூட்டு வந்த கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன கோடையில் ஒருவன் வந்தான். சட்டைப்பையில் பென்சில், கையில் ஸ்குரூ டிரைவர். “ராஜன் சார் அனுப்பிச்சாரும்மா, ரேடியோவ ரிப்பேருக்கு எடுத்துனு வரச் சொன்னார்” என்றான். ரேடியோ ஒரு வாரமாகக் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. தூசி படக்கூடாதென்று நல்ல துண்டில் சுற்றிக் கொடுத்தேன். வெயிலில் வந்திருக்கிறானே என்று மோரும் கொடுத்தேன். “நல்லா இருப்பீங்கம்மா” என்று வாழ்த்திவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் ராஜன் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிவந்துவிட்டான். “உன் நல்லதுக்குத்தாம்மா. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துடற” என்றான். என்னை வைத்துப் பூட்டாதே என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு வாயைவிட வீம்பு அதிகம் என்று நீங்களே சொல்வீர்களே.

முதல் சில மாதம் நான் நானாக இல்லை. ரயில் போகிற சத்தத்தை எண்ணுவேன். விமானப்படை விமானம் தலைக்கு மேல் போனால் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து ஓடும், மனசு ஓடாது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் ஜெபக் கூட்டம். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தவறாதவள் நான். கோயில் மணி கேட்கும்போது கதவின் பின்னால் போய் நிற்பேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஞாயிறு ஆராதனையில் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி, மகனோடு கோயிலுக்கு வருவதே பெரும்பாடு என்று சொன்னேன்.

அந்தப் பொய்யை உடைத்தது பிடியரிசி. ஒவ்வொரு வேளையும் உலையில் போடுகிற அரிசியிலிருந்து கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிற வழக்கத்தை எனக்குப் பழக்கியதே நீங்கள்தான். அதை வீடு வீடாகப் போய் வாங்குகிற பைபிள் உமன் ஞானமணி, மூன்று மாதமாக என் அரிசி வரவில்லையே என்று பட்டப்பகலில் வந்து நின்றாள்.

ஜன்னலைத் திறந்து, “உள்தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு ஞானமணி, திறக்க வரல” என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். அங்கே என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது! உள்ளேயே இருக்கிற எனக்கு அது வெளியே எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது என்பதே மறந்துபோயிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. “சரிக்கா, ஜன்னல் வழியாக் கொடுங்க” என்று முந்தானையை விரித்தாள். அரிசி டப்பா ஜன்னல் கம்பிக்குள் நுழையாது. ஒவ்வொரு பிடியாக அள்ளி நீட்டினேன். பாதி கீழே சிந்தியது. எங்கிருந்தோ குருவிகள் வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்துக் கீரைக்காரி முனியம்மா கூடையோடு வந்து நின்றாள்.

“இன்னா பெரிம்மா, உன்னிய உள்ள போட்டுட்டாங்களா? இன்னா கேசு?”

“ரேடியோ கேசு” என்றேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து அத்தை!

போகும்போது ஞானமணி கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்து ஜெபித்தாள். ஆமென் சொன்ன கையோடு, “மகன்கிட்ட வாயைத் திறந்து கேட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “நீங்க கேக்க மாட்டீங்க, கர்த்தர் வந்து பூட்டைத் திறக்கணுமாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஜன்னலை மூடுவதில்லை. முனியம்மா தினமும் கம்பிக்கு அந்தப் பக்கம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஊரில் யார் யாரோடு பேசவில்லை என்று சொல்வாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பேன். பொறுமை கொடும் என்று முழங்காலில் நின்று கேட்டபோது வரவில்லை. முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கும்போது கொஞ்சம் வருகிறது. அதற்காகச் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கதவு கதவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டபோது கேட்டே விட்டேன்.

“ராஜா, வெள்ளிக்கிழமை மட்டுமாவது பூட்டாமப் போயேன். கூட்டத்துக்குப் போகணும்.”

அவன் குழம்பை ஊற்றிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னான். “நீயும் வெள்ளிக்கிழமை பாட்டியப் பூட்டிட்டுத்தானேம்மா கூட்டத்துக்குப் போவ? நான் ஸ்கூல் விட்டு வந்து வாசல்ல உக்காந்திருப்பேன். பாட்டி உள்ளேருந்து எங்கிட்ட விடுகதை போடுவாங்க.”

அவன் குத்திக் காட்டவில்லை அத்தை. வயதானவர்களை அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கடைசி இரண்டு வருஷம் உங்களுக்கு ஞாபகம் தடுமாறியது. எப்போதோ இறந்துபோன மாமா வண்டியில் வருகிறார் என்று பையை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போய் நின்றுவிடுவீர்கள். அந்தப் பயத்தில்தான் முதலில் பூட்டினேன். அது சத்தியம். ஆனால் பிறகு? கடைக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, பக்கத்துத் தெருவில் கதை பேசப் போகக்கூடப் பூட்டினேன். “எப்பம்மா வருவ?” என்று கேட்பீர்கள். ஒருநாளாவது நேரம் சொன்னேனா?

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து, பேசிக்கொண்டே நின்றுவிட்டு, இருட்டுகிற நேரத்துக்கு வந்தேன். தண்ணீர்ப் பானையைச் சாய்த்துக்கொண்டு, நனைந்த புடவையோடு கதவின் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். கதவைத் தட்டித் தட்டி உங்கள் கை சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, “வந்துட்டியா கண்ணு” என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? தரையெல்லாம் ஈரமாக்கிவிட்டீர்களே என்று சத்தம் போட்டேன்.

உங்கள் அடக்க ஆராதனையில் போதகர் என்னை நல்ல மருமகள் என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் தாங்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ராஜன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த கிரேஸ், மறுநாள் காலை பின்னல் போட்டுக்கொண்டே என்னிடம் வந்தாள். அவள் அதிகம் பேசாதவள்.

“பயந்துதானே பூட்டினீங்க அத்தை?”

“முதல்ல பயம். அப்புறம் சௌகரியம்” என்றேன்.

பின்னிய கை அப்படியே நின்றது. பையை எடுத்துக்கொண்டு போனாள். வழக்கம்போல் பூட்டுகிற சத்தம் கேட்டது. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கம்பிக்குள் கையை விட்டு என் உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.

“பூட்டு தொங்கட்டும் அத்தை, அவருக்கு அப்பதான் நிம்மதி. நம்பினவங்க கையில சாவியக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்க. ரேடியோக்காரன் வந்தா மட்டும் கொடுத்துடாதீங்க. நாலு அம்பது வண்டியில வந்துடுவேன்.”

கேட்காமலே நேரம் சொன்னாள் அத்தை.

இது முழு விடுதலையா? இல்லை. யாராவது வந்து திறந்தால்தான் உண்டு. இன்று வியாழக்கிழமை. சாவி முந்தானை முடிச்சில் இருக்கிறது. நாளை ஞானமணி வந்து திறந்து என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறாள். சாட்சி சொல்லுகிற நேரத்தில் எல்லாரும் என் முழங்கால் குணமானதற்கு நான் ஸ்தோத்திரம் சொல்வேன் என்று காத்திருப்பார்கள்.

நான் எழுந்து இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிறேன். எழுத்தின் கீழ் விரலை வைத்து, மெதுவாக, ஈரத் தரையைச் சொன்ன இடத்தையும் விடாமல் வாசிப்பேன். நல்ல மருமகள் என்ற பேர் அங்கேயே போகட்டும். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்களை உள்ளே வைத்துப் பூட்டிய,
உங்கள் மூத்த மருமகள்
ரஞ்சிதம்