காசு கட்டியவர்களுக்கு மட்டும் தெரியாது

மார்ச் 4, செவ்வாய்

உறுதியானது: சந்தா கட்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஜனவரியிலிருந்து நம் செய்தித் தளத்தில் ஒரு கட்டுரையைக்கூடத் திறக்கவில்லை. தகவல்: கொழுந்தன். சந்தா சேர்ப்பதும் கடிதம் அனுப்புவதும் அவன் பொறுப்பு. கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். நானே பார்த்தேன்.

மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போல அதைச் சொன்னான்.

இலவசமாகப் படிப்பவர்கள் தினமும் மின்னஞ்சலில் போகும் காலைக் கடிதத்தைத் திறக்கிறார்கள், சண்டைக்கு வருகிறார்கள், எழுத்துப்பிழை காட்டுகிறார்கள். காசு கட்டியவர்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறார்கள். ஏன்? எழுத்தில் ஏதாவது குறையா? இருபத்தெட்டு வருடம் பேப்பரில் எழுதியபோது யாரும் இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதில்லை. அல்லது திருப்பியிருப்பார்கள், எனக்குத் தெரிந்திருக்காது.

இவர்களில் பெரும்பாலோர் போன ஏப்ரலில், நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஓடாமல் கிடந்த லிஃப்ட் பற்றி நான் தொடராக எழுதியபோது சேர்ந்தவர்கள். வருடச் சந்தா ஏப்ரல் 30-இல் தீர்கிறது. ஒவ்வொருவரும் மறுபடி தன் விரலால் அழுத்தினால்தான் தொடரும். பாதிப் பேராவது தொடராவிட்டால் கண்ணாடிக்கடை மாடியில் இருக்கும் இந்த அறையை விட வேண்டும். பிறகு பழைய பேப்பரின் ஆசிரியர் சொல்லும் வேலைதான்: வீட்டுமனை விளம்பர இணைப்புக்குப் பொறுப்பு. ஏப்ரல் 20-க்குள் பதில் வேண்டுமாம். ‘மேற்கு பார்த்த வாசல், காற்றோட்டமான அறைகள்.’ மிச்ச காலத்துக்கு இதையே எழுதிக்கொண்டிருக்கலாம்.

மார்ச் 5

கீழே கண்ணாடி தேய்க்கும் இயந்திரம். மேலே கொழுந்தனின் விசில். நடுவில் நான். சந்தாதாரர்களுக்கு நானே போன் செய்யப் போகிறேன். நிருபருக்கு வேறென்ன தெரியும்?

மார்ச் 7, வெள்ளி

காலையிலிருந்து போன். பாதிப் பேர் எடுக்கவில்லை. ஒருவர் என்னைக் கடன் கொடுக்கும் கம்பெனி என்று நினைத்து, “எனக்கு ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கு” என்றார்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் நன்றாகப் பேசினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“கட்டறதுக்கு முன்னாடி காலங்காத்தால உங்க கடிதம்தான் மேடம். டிசம்பர்ல கட்டினேன், கொஞ்ச நாள்ல சத்தத்தையே காணோம். நிச்சயம் ஆகுற வரைக்கும் தினமும் போன் பண்ணுவாங்களே, அந்த மாதிரி.”

“கடிதம் தினமும் வருதுங்களே?”

“யாருக்கு?”

ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். அங்கேயும் இல்லை. இது எப்படி?

மார்ச் 8, சனி

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர். லிஃப்ட் தொடர் வந்தபோது முதல் வாரமே சந்தா கட்டியவர். என் பெயரைச் சொன்னதும் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, “அம்மா, நல்லா இருக்கீங்களா?” என்றார்.

“இருக்கேன் ஐயா. ஏன் அப்படிக் கேக்கறீங்க?”

“புது வருஷத்தோட கடிதம் நின்னு போச்சு. உங்களுக்கு உடம்புக்கு ஏதோன்னு நெனச்சுட்டோம். போன் பண்ணி விசாரிக்க ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்க இல்லன்னு யாராவது சொல்லிட்டா?”

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு வாசகரிடம் உறுதிசெய்ய வேண்டியதாயிற்று.

அதன் பிறகு இன்னொன்றும் சொன்னார். அவர் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது, வாரம் இரண்டு தடவை சிகிச்சை. நம் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடாததால் ஊருக்கு வெளியே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறி அழைத்துப் போகிறார். இன்றைக்கும்.

லிஃப்ட் ஜனவரி மூன்றாம் வாரமே ஓட ஆரம்பித்துவிட்டது. நான்தான் எழுதினேன். முதல் நாள் அதில் ஏறி, மூன்றாம் மாடி வரை போய் வந்துதான் எழுதினேன். காலைக் கடிதத்தில் முதல் செய்தி. இலவசமாகப் படிக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

அதைத் தெரிந்துகொள்ளக் காசு கட்டியவருக்குத் தெரியாது.

“ஓடுது ஐயா” என்றேன். “ஓடுதா?” என்றார். “எப்பலேருந்து?” சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தனை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான், தட்டில் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“காலைக் கடிதம் யாருக்கெல்லாம் போகுது தம்பி?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்குமா?”

“இலவசக்காரங்க எல்லாருக்கும்.”

“காசு கட்டினவங்களுக்கு?”

“அவங்களதான் பிடிச்சாச்சே அண்ணி.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவனோ பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினான். நம்மிடம் வருவதற்கு முன் அவன் ஜிம்முக்கு ஆள் சேர்த்தவன். ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரன். இல்லாவிட்டால் இத்தனை சந்தாவும் வந்திருக்காது. அதை மறுக்க மாட்டேன்.

“ஜனவரியில சேருவான், பிப்ரவரியில வரமாட்டான். அவன்தான் அண்ணி தங்கமான கஸ்டமர். மெஷின் தேயாது, துண்டு அழுக்காகாது. அவனுக்குப் போன் போட்டு ஏன் சார் வரலன்னு கேட்டோம்னு வைங்க, ஐயையோ சும்மா கட்டிட்டு இருக்கோமேன்னு ஞாபகம் வந்துடும். நின்னுடுவான். தூங்குறவன எழுப்பக் கூடாது.”

அதனால் புது வருடத்திலிருந்து, காசு கட்டியவர்கள் பெயரைக் காலைக் கடிதத்திலிருந்து தூக்கிவிட்டான். தளம்தான் அவர்களுக்குத் திறந்திருக்கிறதே, வேண்டுமானால் வந்து படிக்கட்டும் என்று.

“இது செய்திடா! தூங்குறவன எழுப்பறதுதான் நம்ம வேலையே!”

“சத்தம் போடாதீங்க அண்ணி. நாலு பேரு நல்லா இருக்கணும்னுதான் பண்ணேன்.”

“எந்த நாலு பேரு? முட்டி போன பொம்பளைய ரெண்டு பஸ் மாத்தி ஏத்தியிருக்கோம்டா!”

இவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். தம்பியா பெண்டாட்டியா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, “குழாய் ஒழுகுது, பாத்துட்டு வரேன்” என்று உள்ளே போய்விட்டார். எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை.

மார்ச் 10

கொழுந்தன் பேசவில்லை. நானும் பேசவில்லை. இவர் இரண்டு பேரிடமும் தனித்தனியாக வானிலை பற்றிப் பேசுகிறார்.

மார்ச் 12, புதன்

எல்லாப் பெயரும் மறுபடி சேர்த்தாயிற்று. உட்கார்ந்து சேர்த்தது அவன்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. காசு கட்டியவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன்: ஜனவரியிலிருந்து உங்களுக்குக் கடிதம் வரவில்லை. தவறு எங்களுடையது. இந்த இடைவெளியில் நடந்தவை கீழே. லிஃப்ட் ஓடுகிறது.

‘தவறு’ வேண்டாம், ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று போடலாம் என்றான். கோளாறு எந்தத் தொழில்நுட்பத்தில் என்று கேட்டேன். மறுபடி முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

மார்ச் 19, புதன்

எழுப்பு என்று சொன்னால் காதில் தண்ணீர் ஊற்றுகிறான்.

என்னிடம் கேட்காமல் ‘உறவுக் கடிதங்கள்’ என்று தானாகப் போகிற மாதிரி ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறான். தினம் ஒன்று. மேலே வாசகரின் பெயர், நடுவில் பெயர், முடிவில் பெயர். ‘உங்களை நினைத்துக்கொண்டோம்.’ ‘நீங்கள் எங்கள் குடும்பம்.’ ‘இன்று உங்கள் நாள் எப்படி?’

மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். “மேடம், நிச்சயத்துக்கு அப்புறம் பேசாம இருந்தீங்க, சரி. இப்ப மாமியார் மாதிரி நேரத்துக்கு நேரம் விசாரிக்கறீங்க. சாப்ட்டேன், நல்லா இருக்கேன், ஆள விடுங்க.”

கொழுந்தனிடம் சொன்னேன். “அப்ப என்னதான் அண்ணி பண்ணச் சொல்றீங்க? பேசினாலும் தப்பு, பேசாட்டியும் தப்பு!” கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி.

என்ன செய்ய வேண்டும்? காசு கொடுத்தவருக்கு நான் என்ன தர வேண்டியிருக்கிறது? பாசமா? இல்லை. அளவையர் கேட்டது ஒன்றுதான்: “எப்பலேருந்து?”

மார்ச் 28, வெள்ளி

இன்று முதல் ‘வெள்ளிக் கடிதம்’, காசு கட்டியவர்களுக்கு மட்டும். நாங்கள் எழுதிய ஒவ்வொரு விஷயமும் இப்போது எங்கே நிற்கிறது, யார் சொன்னது, எது நிலுவை, எப்போது தெரியும். அவ்வளவுதான். பெயர் மேலே ஒரே தடவை. பதில் எழுதினால் நேராக என் பெட்டிக்கு வரும்.

இன்னொன்றும் சேர்த்தேன், அதற்குத்தான் சண்டை. கடிதத்தின் தலையிலேயே, ‘விலக வேண்டுமானால் இங்கே அழுத்துங்கள். நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தவறியது என்ன என்று மட்டும் எழுதிவிட்டுப் போங்கள்.’

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “வாசலத் தொறந்து வெச்சு, விளக்கும் போட்டு வெக்கறீங்க. ஜிம்ல விலகணும்னா மேனேஜர் இருக்கறப்ப நேர்ல வரணும். மேனேஜர் இருக்கவே மாட்டாரு.”

“அதனாலதான் ஜிம்ல சேந்தவங்க அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க.”

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது.” அனுப்பும் பொத்தானை அவன்தான் அழுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

ஏப்ரல் 4, வெள்ளி

விலகினார்கள். பயந்த அளவுக்கு அதிகம் இல்லை, ஆசைப்பட்ட அளவுக்குக் குறைவும் இல்லை.

போனவர்கள் எழுதியதைக் கொழுந்தன் உரக்கப் படித்தான். ‘எழுத்து சின்னதாக இருக்கிறது.’ ‘என் மகன் கட்டினான், எனக்குப் படிக்க நேரமில்லை.’ நூலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரம்மா எழுதியது: ‘நூலகத்தின் மேல் மாடி கட்டி முடித்ததிலிருந்து பூட்டியே கிடக்கிறது. தினமும் பார்க்கிறேன். ஏன் என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.’

அதை மட்டும் அவன் இரண்டாவது தடவை படித்தான்.

“ஏன் அண்ணி பூட்டி வெச்சிருக்காங்க?”

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. எரிச்சலாக இருந்தது, அவன் மீது இல்லை.

ஏப்ரல் 12, சனி

அளவையரிடமிருந்து மின்னஞ்சல். முழுவதும் இதுதான்: ‘மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் போனோம். ஓடுகிறது. உள்ளே விளக்கு எரியவில்லை. இரண்டாம் மாடியில் தரைக்கு நான்கு விரல் கீழே நிற்கிறது. என் மனைவிக்குக் கால் தடுக்கியது, விழவில்லை. விசாரிக்கவும்.’

விசாரித்தேன். ஆஸ்பத்திரி அலுவலகம் மறுத்தது. போய்ப் பார்த்தேன். நான்கு விரல் சரிதான். அளவையர் இல்லையா! வெள்ளிக் கடிதத்தில் போடுகிறேன், அவர் அனுமதியோடு.

அவர் மன்னித்தாரா என்று கேட்கவில்லை. வேலை கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 19, சனி

பழைய பேப்பருக்குப் பதில் எழுதினேன். வரவில்லை என்று. முடிவு தெரிய இன்னும் நாள் இருக்கும்போது ஏன் இந்த அவசரம் என்று இவர் கேட்டார். மேற்கு பார்த்த வாசல் நமக்கு ஆகாது என்றேன். “நம்ம வீடே மேற்கு பார்த்ததுதானே?” என்றார்.

ஏப்ரல் 30, புதன்

உறுதியானது: தொடர்ந்தவர்கள் பாதியை எட்டவில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. தகவல்: கொழுந்தன். இந்தத் தடவை அவன் முகம் மழை பெய்து முடித்த மாதிரி இருந்தது.

ஆகவே அறையை விடுகிறோம். இனி எங்கள் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். கொழுந்தன் சாயங்காலங்களில் மறுபடி ஜிம்முக்குப் போவானாம். காலையில் இங்கே. நான் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளிக் கடிதத்துக்கு ஒரு தடவையாவது பதில் எழுதியவர்கள் என்று அவன்தான் எடுத்துக் காட்டினான். “இத மொதல்ல பாத்திருக்கணும்” என்றான். ஆமாம் என்றுகூட நான் சொல்லவில்லை. இது என் வாழ்க்கையிலேயே பெரிய அடக்கம்.

மே 6, செவ்வாய்

மதியம் கதவு அறைந்த சத்தம். கொழுந்தன். சட்டையெல்லாம் வியர்வை.

“அண்ணி, அந்த ஆளு மூணாவது தடவையா நாளைக்கு வான்னு சொல்றான்! சாவி மேலதிகாரிகிட்டயாம், மேலதிகாரி கூட்டத்துலயாம், கூட்டம் எங்கன்னு கேட்டா தெரியாதாம்! எப்படிண்ணி இத்தன வருஷம் பொறுத்தீங்க?”

“யாரு? எங்க போன?”

“நகராட்சி. நூலகத்து மேல் மாடி.”

என்னிடம் சொல்லவே இல்லை. போன வாரத்திலிருந்து போய் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தான். யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு, எழுதி வாங்கினாயா என்று கேட்டேன். எழுதி வாங்கவில்லை. திட்டினேன்.

“அந்தத் தையல்காரம்மாதான் விலகிட்டாங்களே தம்பி” என்றேன். “நம்ம சந்தாதாரரே இல்ல.”

“அதுக்கு? கேட்டாங்க இல்ல?”

இவர் அடுக்களையில் இருந்தார். இந்தத் தடவை குழாய் ஒழுகுகிறது என்று சொல்லவில்லை.

நிலுவை: மேல் மாடி ஏன் பூட்டியிருக்கிறது. எதிர்பார்ப்பது: நாளை, புதன், காலை பதினொரு மணி, நகராட்சிப் பொறியாளர் அறை. போவது கொழுந்தன். பதில் வந்தால் வெள்ளிக் கடிதத்தில், வராவிட்டாலும் வெள்ளிக் கடிதத்தில். தையல்காரம்மாவுக்கு அவனே கடைக்குப் போய்ச் சொல்வானாம்.