பெரிய பெட்டியை அக்காவிடம் கொடுக்கலாமா என்று கேட்டாயே

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மாடிப்படி ஏறும்போது மட்டும் என் முழங்கால் முனகுகிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ சிரிக்கலாம், உன் அக்கா சிரித்தே விட்டாள். போனில் நாம் பேசும் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், குளிரா என்பேன், ஆமாம் என்பாய், அத்தோடு சரக்கு தீர்ந்துவிடும், இரு அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று கொடுத்துவிடுவேன். இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நீ அனுப்பிய, கையில் வைத்து விளையாடுகிற கேம் கருவியே போதுமா, போதுமென்றால் ஹாலில் டிவியோடு மாட்டியிருக்கும் பெரிய கேம் பெட்டியை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். அம்மாவைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்பாள், நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா என்றாய். நீ என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டே ரொம்ப நாளாயிற்று, அதனால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று பத்து நாளாகக் கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீயும் அம்மாவும் விளையாடுகிற கார்ப் பந்தயம் என்னவோ இரண்டிலும் அதே பந்தயம்தான், அதே சிவப்புக் கார், அதே வளைவில் அம்மா அதே மாதிரி முட்டுகிறாள். ஆனால் கருவியில் மரத்தில் இலையெல்லாம் கொஞ்சம் குறைவாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது, அம்மா அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்கிறாள். இரண்டரை மணிநேரத்தில் சார்ஜ் இறங்கிவிடுகிறது, முதுகுப்பக்கம் சுடுகிறது. ஆனால் அதை அவள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் நர்சுகள் அறையில் இடைவேளையில் விளையாட முடிகிறதே, பெரிய பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போக முடியுமா. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கிறவரைக் கேட்டேன். கையில் வைத்தால் அது சின்னது, ஒரு ஸ்டாண்டில் செருகி டிவியோடு இணைத்தால் அதுவே பெரியது, இரண்டும் ஒன்றுதான் சார் என்றார். அப்படியானால் எதற்கு இரண்டு விற்கிறார்கள் என்றேன். அது வேற இது வேற சார் என்றார். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிற ஆளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது, வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது கண்ணும் லென்ஸும்தான், அதை வைத்துச் சொல்கிறேன். டிவி சோபாவிலிருந்து எட்டடி தூரம், கருவியை அம்மா மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறாள். அதில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது என்று புலம்பியதால் அந்தத் தூரத்துக்கென்றே அளவெடுத்து ஒரு கண்ணாடி நானே செய்து கொடுத்தேன். கருவி பளிச்சென்று தெரிகிறதாம். ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே இருக்கும் நான் மங்கலாகத்தான் தெரிவேன், அது லென்ஸின் குணம், யாரையும் குறை சொல்ல முடியாது. காதில் வேறு இயர்போன். காபி வேண்டுமா என்று மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்று சும்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், இப்போது தினமும் வீட்டில் பார்க்கிறேன். உன் அம்மாவுக்குக் குறை ஒன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் ஓட்டுகிறாள். குறையெல்லாம் எனக்குத்தான். அது என்ன குறை என்று எனக்கே பிடிபட இத்தனை நாளாயிற்று.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெரிய பெட்டியில் நீங்கள் இருவரும் விளையாடும்போது உன் குரல் டிவியிலிருந்து வரும். சோபாவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையில் நான் கண்ணாடி பிரேம்களுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருப்பேன், உனக்கு நான் இருப்பதே தெரியாது. கடையிலேயே முடிக்க வேண்டிய வேலையை அதற்காகவே வீட்டுக்குக் கொண்டுவருவேன். அரைமணி வேலையை இரண்டு மணிநேரம் இழுப்பேன். நீ மேனேஜரைக் கிண்டல் பண்ணுவது, சட்டை சுருங்கிப்போனது, அம்மாவை ஏமாற்றி முந்திவிட்டு நீ சிரிக்கிற சிரிப்பு, எல்லாம் அங்கே உட்கார்ந்துதான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான். இப்போது எல்லாம் அம்மா காதுக்குள்ளேயே போய்விடுகிறது. அவள் சிரிக்கிறாள், எதற்கென்று எனக்குத் தெரிவதில்லை. என்ன சொன்னான் என்று கேட்டால், ஒண்ணுமில்ல, சும்மாதான் என்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், திட்டாதே. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாள். நீ கேட்ட கேள்விக்குப் பெட்டியை நானே ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்லலாம் என்று டிவியைப் போட்டேன். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது, நீ லைனில் இருக்கிறாய் என்று அர்த்தமாம், எனக்கு அப்போது தெரியாது. அதை அணைக்கலாம் என்று எதையோ அழுத்த, அது உன்னைப் பந்தயத்துக்கு அழைத்துவிட்டது. நீயும் வந்துவிட்டாய். பெட்டியில் இருப்பது அம்மாவின் பெயர் அல்லவா, அம்மா என்றுதான் பேச ஆரம்பித்தாய். நான்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மைக் போச்சாம்மா, பரவால்ல, நீ கேட்டுக்கிட்டே இரு போதும் என்றாய். பிறகு சொன்னாய், அறையில் கூடத் தங்கியிருந்தவர் காலி பண்ணிவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது, வேலையில் வேலையைத் தவிர யாரும் பேசுவதில்லை, சனி ஞாயிறு என் குரலே எனக்கு மறந்துபோகும்போல இருக்கு என்று. கடைசியில், "அப்பாகிட்ட சொல்லாதம்மா, அவருக்கு இதெல்லாம் புரியாது" என்றாய்.

நீ சொன்னதை அப்படியே காப்பாற்றினேன், அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, அவரே கேட்டுக்கொண்டுவிட்டார். நாற்பது நிமிடம் நானும் கூடவே இருந்தேன். ஓட்டத் தெரியாது, ஆனால் நின்றால் லைன் போய்விட்டது என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயந்து, பச்சைப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். கார் அந்த வளைவுச் சுவரில் முட்டி முட்டி நின்றது. என்னம்மா இன்னிக்கு இப்படி ஓட்டுற என்று நீ சிரித்தாய். அது அம்மா இல்லை. எனக்குச் சார்ஜ் புரியாது, ஸ்டாண்டு புரியாது, சின்னது எப்படிப் பெரியதாகும் என்பது இன்றுவரை புரியவில்லை. நீ சொன்னது மட்டும் புரிந்தது, ரொம்பவே புரிந்தது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவளிடம் நீயே சொல், அவள் தாங்குவாள்.

ஆகவே என் அபிப்பிராயம், கருவி நல்ல கருவிதான், அம்மாவிடமே இருக்கட்டும். அது பெரிய பெட்டிக்கு ஈடா என்றால், விளையாடுகிறவர்களுக்கு ஈடாக இருக்கலாம், விளையாடாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இல்லை. பெட்டியை எடுத்துப்போகச் சனிக்கிழமை வருவதாக இருந்த அக்காவிடம், வர வேண்டாம், பெட்டி கிடையாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள், எனக்கே குழப்பமாக இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டாள், இரண்டு நாளில் சரியாகிவிடும். நீ அந்த அறையிலேயே அடைந்து கிடக்காதே, மாலையில் சற்று நடந்துவிட்டு வா, சுடச்சுட ஏதாவது சமைத்துச் சாப்பிடு.

நீடூழி நன்றாக இரு, மனம் நிறைந்து வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு மதியம் டியூட்டி. அந்த நேரத்தில் அம்மா பெயரில் புள்ளி எரிந்தால் அது நான். நீ பாட்டுக்குப் பேசு. எனக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அதுவரை லைனில் இரு.

என்றும் உன்,
அப்பா