கொழும்புக்கு மேலே நம் தோட்டம்

இன்று காலை சளித் தடிமனுக்குக் கொத்தமல்லி அவிப்பதைப் பற்றித் தேடப் போனேன். போனில் ‘கொ’ என்று அடித்ததுமே நம் தேயிலைத் தோட்டத்தின் பெயர் வந்து நின்றது. பட்டியலில் கொழும்புக்கும் மேலே! உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

லுணுகலை பஸ்ஸில் ஒன்றாக வந்து பதுளையில் இறங்கி, அந்த நெட் கஃபேயில் நாம் வேலை பார்த்த காலம். தேடும் பெட்டி, பாதி அடிக்கும்போதே மீதியைச் சொல்லத் தொடங்கிய புதிது. “இதுக்கு எப்புடிடி தெரியுது?” என்று வாயைப் பிளந்தாய். நிறையப் பேர் தேடுவதும், அண்மையில் தேடியதும்தான் மேலே வரும் என்று முதலாளி சொன்னதை உனக்குச் சொன்னேன்.

அதையே பிடித்துக்கொண்டாய். உன் அண்ணன் அப்பாவோடு கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போனவன். பிறகு வெளிநாடு போய்விட்டான் என்று யாரோ சொன்னதோடு சரி. “எங்கண்ணன் கொழும்புனு அடிக்க வர்றப்ப நம்ம தோட்டம் பேரு முன்னுக்கு வந்து நின்னா, வீட்டு நெனப்பு வராதா?” என்றாய்.

கடைக்கு வந்தவர்களையெல்லாம் கெஞ்சி அந்தப் பெயரை அடிக்கவைத்தாய். பைத்தியம் என்று நான் கேலி செய்தேன். “ஊரு கூடி இழுத்தா தேரு நகரும்டி,” என்றாய். எங்கே நகர்ந்தது? நாடே கொழும்பைத் தேடும்போது நம் லயத்துச் சனம் எம்மாத்திரம்?

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், “வந்துச்சாடி?” என்றுதான் கேட்டாய். “வரும் புள்ள,” என்றேன். வேறென்ன சொல்ல?

இன்று அந்தப் பெயர் வந்ததுகூட ஊர் தேடியதால் அல்ல. நீ போனதிலிருந்து, கீழே என்ன வருகிறது என்று பார்க்காமலே, நான் தினமும் அடிக்கிறேன். என் போன் அதை ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மகளின் போனை வாங்கி ‘கொ’ அடித்துப் பார்த்தேன். கொழும்புதான் வந்தது. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

“என்னம்மா தேடுறீங்க?” என்றாள் மகள்.

நீ இல்லாதது உன் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. அவள் போனிலும் நம் தோட்டத்துப் பெயரை முழுதாக அடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். யார் போன் கையில் கிடைத்தாலும் இனி அடிப்பேன். தேர் நகரவில்லைதான். வடத்தை நான் விடவில்லை, புள்ள.