சனிக்கிழமைக்குள் திரும்பி வா

பெர்லின், செவ்வாய்க்கிழமை

இல்லை நுர்ஷென், அப்பா சொல்லிக் கொடுத்து நான் எழுதவில்லை. இப்படி ஒரு கடிதம் போவதே அவருக்குத் தெரியாது. நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அல்லாவைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன், ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, மூன்று வாரமாக உன் இஸ்தான்புல் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

முதலில் இதைப் படி, மீதியைப் பிறகு படி. சனிக்கிழமையோடு நீ போய் ஆறு மாதம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நானே போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான், எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தங்கும் அனுமதி தானாகவே போய்விடும் என்று. இங்கேதான் பிறந்தாள் என்றேன். இங்கேதான் படித்தாள் என்றேன். அவளுடைய பாஸ்போர்ட் துருக்கியுடையதுதானே என்றாள். அப்புறம் நீ சுற்றுலா விசா வாங்கித்தான் வர வேண்டுமாம். நீ. நீ பிறந்து வளர்ந்த கிராய்ட்ஸ்பெர்க்குக்கு. சுற்றுலா.

உன் பாட்டில் வருமே, முப்பத்தாறுதான் என் நாடு, எவன் என்னைத் துரத்துவான் என்று. இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் இப்போதும் சுவரைத் தட்டித் தட்டி அதைக் கத்துகிறார்கள். நீ அதை நம்பிவிட்டாய் என் ஆட்டுக்குட்டியே. நம் பேட்டையின் பழைய தபால் எண்ணை எல்லையில் யாரும் பார்ப்பதில்லை.

அப்பாவோ தினமும் சாயங்காலம் ஒரே பேச்சு, அவ சொந்த நாட்டுலதான இருக்கா, ஏன் பதறுற என்கிறார். சொந்த நாடு. கடைசியாகப் பேசியபோது நீ அழுதாய், அங்க துருக்கிக்காரின்னாங்க, இங்க ஜெர்மன்காரி வந்துட்டாங்கறாங்க, நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிறாங்கம்மா என்று. நீ கேசட் போடப் போன இடத்தில் பாட்டுப் பதிகிறவன் சொன்னானாமே, ராப்பெல்லாம் சரி, இந்த அம்பது வருசத்துப் பழைய பேச்ச மொதல்ல மாத்து என்று. அது என் பேச்சு நுர்ஷென். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உனக்குக் கொடுத்தது. என்னிடம் வேறு இல்லை. அவன் சிரித்தது என்னைப் பார்த்துத்தான், சிரிக்கட்டும், நீ அதற்காக அங்கே உட்கார்ந்து அவனிடம் மல்லுக்கு நிற்காதே.

எந்த மொகத்த வச்சுக்கிட்டு வெறுங்கையோட வர்றது என்றாயே, அதற்குப் பதில்போல ஓர்ஹுன் வந்திருந்தான். உனக்கு இசைத்தட்டு சுழற்றுகிற அந்த ஒல்லிப் பயல் இரண்டு குவளை தேநீர் குடித்துவிட்டு, சித்தி, கேசட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், அவள வரச் சொல்லுங்க, அவ திட்டாம எனக்குத் தாளமே வரமாட்டேங்குது என்றான். சிரித்தேன். அவன் போன பிறகு உன் கட்டிலில் உட்கார்ந்தேன்.

நீ கிளம்பியபோது, திரும்பி வருவாய் என்று நம் வழக்கப்படி பின்னால் தண்ணீர் ஊற்றினேன். கீழ்வீட்டு ஜெர்மன்காரி யாங்கே அம்மாள், எவ படியில தண்ணியக் கொட்டுனது, உங்களுக்கெல்லாம் இது என்ன ஆறா என்று கத்தினாள். அவளே நேற்று, உம் பொண்ணு எங்கடி, வீடே சத்தமில்லாமக் கெடக்கு என்று கேட்டாள். எந்த நாட்டுக்காரியாக வேண்டுமானாலும் இரு, இரண்டும் வேண்டாமென்றாலும் சரி, ஆனால் கதவு சாத்துமுன் உள்ளே வந்துவிட்டு அப்புறம் அதை யோசி.

ஒழுங்காகச் சாப்பிடு. பாஸ்போர்ட்டைப் பையில் போடாதே, உடம்போடு வைத்துக்கொள். சனிக்கிழமை, மறக்காதே. நீ நடக்கிற வழியெல்லாம் உனக்குத் திறக்கட்டும், உன் இரண்டு கண்ணுக்கும் என் முத்தம்.

உன் அம்மா
ஹாஜெர்

புதன். தபாலில் போட்டால் ஒரு வாரம் ஆகும், அதனால் விமான நிலையத்துக்குப் போய் இஸ்தான்புல் வரிசையில் நிற்கிற யாரிடமாவது கொடுத்தனுப்ப நினைத்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசியில் நானே டிக்கெட் எடுத்தேன். உன் இஸ்தான்புல் வீடு பூட்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் உன்னை நேற்றுப் பார்த்தாராம். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.