ஐந்துக்கு இரண்டு

களப்பணி முடிந்து நேற்று ஒரு மாணவி ஆசிரியர் அறைக்கு வந்தாள். அவள் துப்பட்டாவில், தோல் பதனிடும் ஷாப்பின் வாடை. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு நீயே வந்து நின்றது போலிருந்தது. "வாடை ஒட்டாம வர்ற பிள்ளைய நான் நம்ப மாட்டேன்டி" என்பாயே.

சமூகப்பணித் துறையில் நாம் ஒன்றாக ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்கள். களப்பணிக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் தங்கள் தன்னம்பிக்கைக்குத் தாங்களே ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும், குறைந்தால் கற்கவில்லை என்று கணக்கு என்று மேலிடம் சொன்னபோது, கூட்டத்திலேயே சண்டைக்குப் போனாய்.

"அஞ்சு போட்டுட்டுப் போன பிள்ள ரெண்டு போட்டா, அதுதான் சார் நெசமா ஒரு வீட்டுக்குள்ள போயிருக்கு!"

யாரும் கேட்கவில்லை. அப்புறம் நீயும் கண்ணை மூடிவிட்டாய்.

இந்த மாணவியும் ஐந்து போட்டுவிட்டுத்தான் போனாள். பார்க்கப் போனது தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு பெண்ணை. குடித்துவிட்டு அடிக்கும் புருஷன். திரும்பத் திரும்பப் போய் அவளை வாய் திறக்க வைத்திருக்கிறாள். கடைசி நாளில் அந்தப் பெண் கேட்டாளாம்: "எல்லாத்தையும் சொல்ல வச்சுட்ட. இனிமே நான் யார்கிட்டம்மா சொல்ல?" திரும்பி வந்த மாணவி, இரண்டு போட்டாள்.

உன்னை நினைத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் வாதாடக் கிளம்பினேன். அதற்குள் அவரே அவளைக் கூப்பிட்டு, "நல்லா யோசிச்சுப் போடும்மா" என்றிருக்கிறார். அதட்டக்கூட இல்லை. வேறு தாள் வாங்கி ஐந்து போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா மாத்துன?"

"விடுங்க மேடம். பயமா இருக்குன்னு சொன்னா வேலையே தெரியலைன்னு ஆயிரும். எனக்கு இந்த வேலையே வேணாம். ஏதாச்சும் ஆபீஸ்ல உக்காந்துக்கிறேன்."

நாம் தேடிய பிள்ளை அவள்தான். அவளைத் தடுக்காமல் போக விட்டேன்.

இன்று நானே அந்தத் தோல் ஷாப்புப் பெண்ணைத் தேடிப் போனேன். கன்னம் வீங்கியிருந்தது. கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இனி யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. நான் எழுந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு மார்க்கு நல்லாப் போட்டீகளா?"

"அஞ்சுக்கு அஞ்சும்மா."

"நல்லாருக்கட்டும்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது உன் மேல்தான் கோபம் வந்தது. உன் சண்டையை என்னிடம் விட்டுப் போனாய். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சண்டை போடுவதற்குத்தான் தெம்பில்லை.